சுவாமி மலையிலிருந்து கந்தசாமி மலைக்கு: கல்லெழுத்தை வாசித்தபடி ஒருநாள் பயணம்

திருக்கோணமலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடலைத் தேடித்தான் வருகிறார்கள். ஆனால் ஊரின் பெயரிலேயே மலை இருக்கிறது. மலையகத்தில் இருப்பதுபோல முகிலைத் தொடும் மலைகள் இங்கே இல்லை. கடலோரத்திலும் காட்டுக்குள்ளும் திடீர் திடீரென்று எழும்பி நிற்கும் கற்குன்றுகள்தான் எங்கள் மலைகள். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் சுவாமி மலையில் தொடங்கி, வடக்கே காட்டு விளிம்பில் இருக்கும் திரியாய் கந்தசாமி மலையில் முடியும் ஒருநாள் பயணத்துக்கான வழிகாட்டி இது.

இந்தப் பாதையில் அழகு நிறைய இருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வழி நெடுகக் கல்லில் கிடக்கும் எழுத்து. கோட்டை வாசலில் தமிழ். வெல்கம் விகாரையில் சோழர் காலத்துத் தமிழ். உப்புவெளியில் ஆங்கிலம். குச்சவெளிப் பாறையில் சமஸ்கிருதம். திரியாய் மலையில் அதே சமஸ்கிருதம், வடமொழி எழுதத் தமிழகத்தில் வழங்கிய பல்லவ கிரந்த எழுத்தில். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக இங்கே வந்தவர்களும் வாழ்ந்தவர்களும் தாங்கள் இருந்ததைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த ஊர் யாருடையது என்று வாதாடுகிற எல்லோரும் ஒருநாள் இந்த வழியே வந்து, ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் இறங்கி நின்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

புறப்படும் முன்

ஐப்பசி பிறந்தால் இங்கே மாரி. தை வரைக்கும் மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது, கடலும் கொந்தளிப்பாக இருக்கும். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை கடல் அமைதி, ஆனால் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் நடுப்பகல் வெயில் ஆளைச் சுட்டெரிக்கும். என்னைக் கேட்டால் மாசி, பங்குனிதான் நல்ல காலம். மழை விட்டிருக்கும், குளங்கள் நிரம்பியிருக்கும், வயல்கள் பச்சையாகக் கிடக்கும்.

நகரத்திலிருந்து திரியாய் ஏறத்தாழ 45 கி.மீ. கன்னியா, வெல்கம் விகாரைக் கிளை வழிகளையும் சேர்த்து, போய்த் திரும்ப 120, 130 கி.மீ. அளவில் வரும். கார், வான், மோட்டார் சைக்கிள் எதுவும் போதும். ஓட்டோவில் போவதென்றால் எல்லா இடங்களையும் முதலே சொல்லி, நாள் வாடகையாகப் பேசிக்கொள்ளுங்கள். புல்மோட்டைக்குப் பஸ் ஓடுகிறது, ஆனால் பஸ்ஸை நம்பி இத்தனை இடத்தையும் ஒரே நாளில் பார்க்க முடியாது.

கொண்டுபோக வேண்டியவை: ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், தொப்பி, முழங்காலை மூடும் உடுப்பு, தோளை மூட ஒரு சால்வை, கன்னியாவில் குளிக்க மாற்றுடுப்பு. கூடவே ஒரு டோர்ச் லைட். பகல் பயணத்துக்கு டோர்ச் எதற்கு என்று கேட்பீர்கள். தேய்ந்த கல்லெழுத்தின் மேல் நேராக வெளிச்சம் விழுந்தால் ஒன்றும் தெரியாது. டோர்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வெட்டுக்குள் நிழல் விழும், எழுத்து மேலெழுந்து வரும். காலையிலும் பின்னேரத்திலும் சரிந்த வெயில் இதே வேலையைச் செய்கிறது. சோக் பூசுவது, தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது, விரலால் தடவிப் பார்ப்பது எல்லாம் வேண்டாம். இவ்வளவு காலம் தாங்கிய எழுத்து நம் கையால் அழியக்கூடாது.

இரண்டு நாட்காட்டிக் குறிப்புகள். பௌர்ணமியில் திரியாய் மலையில் கூட்டம் இருக்கும். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் இறக்கக்கண்டி, குச்சவெளிப் பக்கம் கடைகள் மூடியிருக்கும்.

1. விடியப்புறம்: சுவாமி மலை

சுவாமி மலைக்குக் கோட்டைக்குள்ளால்தான் வழி. ஐந்தரைக்கெல்லாம் கோட்டை வாசலைக் கடந்துவிடுங்கள். வாசலில் நிற்காதீர்கள், அதைத் திரும்பி வரும்போது வெளிச்சத்தில் பார்க்கலாம். கோட்டைக்குள்ளே இராணுவ முகாம் இருக்கிறது. மறித்துக் கேட்டால் கோயிலுக்கு என்று சொன்னால் சரி, முகாம் கட்டடங்களைப் படம் எடுக்க வேண்டாம். பாதையில் புள்ளிமான்கள் படுத்திருக்கும், மெதுவாக ஓட்டுங்கள். பிஸ்கட்டும் பொலித்தீன் பையும் அவற்றின் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே ஏறினால் கோணேசர் கோயில். பாறை கடலிலிருந்து செங்குத்தாக ஏறத்தாழ 400 அடி எழும்பி நிற்கிறது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இந்தத் தலத்தைப் பாடியபோது "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை" என்றார். குரைகடல் என்றால் ஒலிக்கின்ற கடல். விடியப்புறம் கோயில் மணி ஓய்ந்த பிறகு மதிலோரம் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். கீழே அலை பாறையில் மோதி உள்வாங்கும் சத்தம் அடித்தொண்டையிலிருந்து வருவது போல இருக்கும். அந்தச் சொல்லுக்கு வேறு உரை தேவையில்லை.

சூரியன் நேரே கடலிலிருந்துதான் எழும்பும். அதைப் பார்த்த பிறகு இராவணன் வெட்டுக்கு வாருங்கள். பாறையைப் பிளந்துகொண்டு இறங்கும் ஒரு பெரிய இடுக்கு அது. தாய்க்காக மலையையே பெயர்த்துக் கொண்டுபோக இராவணன் வாளால் வெட்டிய இடம் என்பது எங்கள் ஊர்க் கதை. பக்கத்து மரத்தில் பிள்ளைவரம் வேண்டிக் கட்டிய சின்னத் தொட்டில்கள் காற்றில் ஆடும்.

இப்போது நீங்கள் பார்க்கும் கோயில் புதியது. பழைய கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்தார்கள். தளபதி கொன்ஸ்தந்தினோ த சா காலத்தில் நடந்த வேலை அது. சிற்பங்களும் தூண்களும் கடலுக்குள் விழுந்தன, மிச்சக் கற்களைக் கொண்டு கோட்டையைக் கட்டினார்கள். அதன்பிறகு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் சனம் இந்தப் பாறையின் விளிம்பில் நின்று, கோயில் இல்லாத இடத்தில் பூவும் பழமும் கடலுக்குப் போட்டுக் கும்பிட்டது. 1950இல் நகருக்குள் கிணறு வெட்டும்போது பழைய வெண்கலத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இந்தப் பாறைக்குக் கீழே சுழியோடி, கடலடியில் கிடக்கும் தூண்களையும் செதுக்குக் கற்களையும் கண்டார்கள். 1963இல் புதுக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. எந்தக் காவலும் இல்லாத வெறும் பாறையை ஒரு சனம் அத்தனை தலைமுறையாகக் கோயிலாகவே நினைத்திருந்தது என்பதை, பூசை முடிந்து வெளியே வரும்போது ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

2. கோட்டை வாசல்: இரண்டு மீன்களும் ஒரு பாட்டும்

இறங்கி வரும்போது வாசலுக்கு வெளியே வாகனத்தை நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். வாசல் சுவரில் பதித்திருக்கும் கற்களில் இரட்டை மீன் பொறித்திருப்பதைக் காண்பீர்கள். பாண்டியர் சின்னம். பக்கத்திலேயே துண்டு துண்டாகத் தமிழ் எழுத்து. டோர்ச்சை இங்கே எடுங்கள்.

பழைய கோயிலின் கல் இது. கோட்டை கட்டியவர்களுக்கு அது வெறும் கட்டுமானக் கல். எழுத்து தேய்ந்து உடைந்திருந்தாலும், எங்கள் ஊரில் பாட்டாக வாய்மொழியில் வாழ்கிறது:

"முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப்
பின்னே பறங்கி பிரிக்கவே..."

கோணேசர் கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் அரசன் குளக்கோட்டன். அவன் கட்டியதைப் பின்னால் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், வந்து பிரிப்பான் என்று தொடங்கி, அதன்பின் ஆளப்போகிற பூனைக்கண்ணன், புகைக்கண்ணன் வரை சொல்லிக்கொண்டு போகும் பாட்டு. நடந்தது எல்லாம் நடந்த பிறகு பாடியதா, முன்னாலேயே பாடியதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. இழந்த ஒன்றை ஒரு ஊர் எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அம்மப்பா இதை முழுசாகச் சொல்லுவார். எழுத்துக் கூட்டத் தெரியாத வயதிலேயே எனக்கு அது பாடமாகிவிட்டது.

அப்புறம் இந்த வாசல் எத்தனை கைக்கு மாறியது என்று பாருங்கள். 1639இல் ஒல்லாந்தர். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர், அதே ஆண்டு ஓகஸ்டில் சஃப்ரன் தலைமையில் வந்த பிரெஞ்சுக்காரர். அடுத்து உடன்படிக்கையால் திரும்பவும் ஒல்லாந்தர். 1795இல் மறுபடி ஆங்கிலேயர். 1803இல்தான் பிரெடரிக் கோட்டை என்ற பெயர் வந்தது. எல்லாம் கோட்டைக்காக இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் ஆழமான துறைமுகத்துக்காக.

நகருக்குள் பழைய ஆங்கிலேயர் மயானம் ஒன்று இருக்கிறது. எழுத்தாளர் ஜேன் ஒஸ்டினின் தம்பி, கடற்படை அதிகாரி சார்ள்ஸ் ஒஸ்டின், 1852இல் பர்மாவில் இறந்து இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். நேரம் இருந்தால் எட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். காலைச் சாப்பாட்டை நகரில் முடித்துக்கொள்வது அதைவிட முக்கியம். இடியப்பம், சொதி, சம்பல் சுடச்சுடக் கிடைக்கும்.

3. கன்னியா: ஏழு கிணறுகள்

அனுராதபுரம் வீதியில் ஏறத்தாழ 8 கி.மீ. போனால் கன்னியா. எட்டரை ஒன்பதுக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது, பத்துக்குப் பிறகு பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். உள்ளே போக டிக்கெட் உண்டு.

சதுரமாகக் கட்டிய ஏழு சிறு கிணறுகள். ஏழிலும் வெந்நீர், ஆனால் ஏழும் ஒரே சூடு இல்லை. ஒன்றில் கை வைக்கலாம், அடுத்ததில் வைத்த கையை உடனே எடுப்பீர்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் ஏழிலும் தொட்டுத் தொட்டுப் பார்க்க விடுங்கள், அதற்குத்தான் வந்திருக்கிறோம். கிணற்றுக்குள் இறங்கக்கூடாது. வாளியில் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். சவர்க்காரம், ஷாம்பு வேண்டாம்.

எரிமலை இல்லாத நாட்டில் வெந்நீர் எப்படி வந்தது? மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தில் சூடாகி, ஆறுவதற்குள் வேறொரு வெடிப்பின் வழியே வேகமாக மேலே வந்துவிடுகிறது. இலங்கையின் வெந்நீரூற்றுகள் எல்லாமே இப்படித்தான்.

ஊர்க் கதை வேறு மாதிரி. தாய் இறந்ததாகச் செய்தி கேட்டு, அவளுக்கு ஈமக்கடன் செய்ய இராவணனுக்குத் தண்ணீர் தேவைப்பட்டபோது தோன்றிய ஊற்றுகள் இவை. சுவாமி மலையில் தாய்க்காக வெட்டினான், இங்கே தாய்க்காகத் தண்ணீர் கண்டான். இரண்டு இடத்தையும் ஒரே காலையில் பார்த்தால்தான் அந்தக் கதை முழுசாகும். அதனால்தான் திருக்கோணமலைச் சைவர்களுக்கு இது இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியை செய்யும் இடம். என் அம்மம்மாவின் கிரியைக்கு விடியக் காலையில் இங்கே வந்தோம். அந்த வெந்நீரை அம்மா தலையில் ஊற்றிக்கொண்டு அழுதது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. நீங்கள் போகும் நாளில் ஒரு குடும்பம் அப்படி நின்றுகொண்டிருந்தால் சத்தம் போடாமல் விலகி நில்லுங்கள், படம் எடுக்காதீர்கள்.

பக்கத்து மலையில் முஸ்லிம்கள் போற்றும் நீண்ட சியாரம், அதாவது அடக்கத்தலம், ஒன்று இருக்கிறது. பழைய பௌத்த இடிபாடுகளும் உண்டு. பிள்ளையார் கோயில் இருந்த இடம் பற்றி அண்மைக் காலத்தில் போராட்டமும் வழக்கும் நடந்தன. அறிவிப்புப் பலகையில் எழுதியிருப்பதோடு நின்றுவிடாமல், அங்கே கும்பிட வருகிற ஊர்ச் சனத்திடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

4. வெல்கம் விகாரை: இராசராசன் பெயரில் ஒரு பெரும்பள்ளி

இந்த வழியில் நேரம் குறைந்துபோனால் எதை வேண்டுமானாலும் விடுங்கள், இதை விடாதீர்கள். எத்தனையோ பேர் கன்னியாவோடு திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அது மனவருத்தம்.

அனுராதபுரம் வீதியிலிருந்து வடக்கே பிரிந்து பெரியகுளம் பக்கமாகப் போக வேண்டும். கூகுள் மேப் காட்டும், ஆனாலும் சந்திக் கடையில் ஒருதரம் கேட்டுக்கொண்டு திரும்புங்கள். பெயர்ப்பலகையில் வெல்கம் வெஹெர என்று இருக்கும். தமிழ்ச் சனம் இதை நாதனார் கோயில் என்று சொல்லிவந்தது.

காட்டு மரங்களுக்கு நடுவே செங்கல் அடித்தளங்கள், கல் படிகள், நிற்கும் புத்தர் சிலை, தாதுகோபம் என்ற பௌத்தக் குவிமாடத்தின் மிச்சம். கட்டடத்தின் அடித்தள வேலைப்பாட்டைக் குனிந்து பாருங்கள், தமிழ்நாட்டுக் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கைவரிசை உடனே தெரியும். சோழர்கள் 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் அனுராதபுரத்தைச் சூறையாடியவர்கள். அதே ஆட்சிக்காலத்தில் இந்தப் பௌத்த விகாரை இடிக்கப்படவில்லை. இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரோடு புதுப்பொலிவு பெற்றது. பள்ளி என்றால் இங்கே பௌத்த விகாரை. நாகபட்டினத்தில் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக்கொடுத்த இராசராசனின் பெயர்தான் இது.

இங்கே கிடைத்த கல்வெட்டுகள் தமிழில் இருக்கின்றன. இந்தப் பள்ளிக்கு விளக்கெரிக்கத் தமிழர்கள் பசுக்களும் காசும் கொடுத்ததைச் சொல்கின்றன. கொடுத்தவர்கள் தமிழ் பேசியவர்கள், ஒளி போன இடம் புத்தர் சந்நிதி. தமிழ் என்றால் சைவம், பௌத்தம் என்றால் சிங்களம் என்று எங்கள் தலைமுறைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பதிந்துபோனது. இந்தக் கல்லுக்கு முன்னால் முதல்முறை நின்றபோது எனக்கு அந்தக் கணக்கு உடைந்தது. கோபமோ பெருமையோ வரவில்லை, நாங்கள் நினைத்ததைவிட நாங்கள் பெரியவர்களாக இருந்திருக்கிறோம் என்ற ஒரு நிம்மதிதான் வந்தது.

வாசிக்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சோழர் காலத் தமிழ் எழுத்து இன்றைய எழுத்தின் தாத்தா. க, ட, ப, ம, ர போன்றவற்றைக் கொஞ்சம் முயன்றால் பிடித்துவிடலாம். ஆனால் புள்ளி வைக்கமாட்டார்கள், அதனால் 'க'வும் 'க்'கும் ஒன்றுபோல இருக்கும். எ, ஏ என்ற குறில் நெடில் வேறுபாடும் எழுத்தில் தெரியாது. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. வடமொழிச் சொல் வரும் இடத்தில் கிரந்த எழுத்து நுழையும். இந்தக் காலத்துக் கல்வெட்டுகள் பல 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று தொடங்கும், ஆகவே முதல் வரியில் கிரந்தத்தைக் கண்டு பயந்துவிடாதீர்கள். அடுத்த வரிகளில் தமிழ் வந்துவிடும். ஒரே ஒரு சொல்லையாவது நீங்களே கூட்டி வாசித்துவிட்டு எழும்புங்கள், அது தரும் சந்தோசம் பெரியது.

5. உப்புவெளி: வயதுகள் எழுதிய கற்கள்

வந்த வழியே நகரப் பக்கம் திரும்பி நிலாவெளி வீதியைப் பிடியுங்கள். உப்புவெளியைத் தாண்டும்போது வீதியோரமாகவே யுத்த மயானம் வரும். வெட்டிவிட்ட புல், ஒரே அளவான கற்கள், நிழல் மரங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறந்த 300க்கும் மேற்பட்டோர் இங்கே கிடக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருக்கோணமலைத் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கின. அன்று ஊரே காட்டுக்குள் ஓடிய கதையை எங்கள் பழைய ஆட்கள் சொல்லிச் சொல்லி அலுத்ததில்லை. துறைமுகத்தைக் கேட்டு வந்தவர்களின் கணக்கில் இதுவும் ஒரு பக்கம்.

இங்கே எழுத்து வாசிக்கச் சிரமமில்லை. பெயர், படைப்பிரிவு, வயது. பத்தொன்பது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. கால்மணி நேரம் நடந்தால் போதும்.

மதியச் சாப்பாட்டை உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். மீன் குழம்பும் கணவாய்க் கறியும் கிடைக்கும் சோற்றுக்கடைகள் இருக்கின்றன. இதற்கு வடக்கே கடைகள் குறைந்துகொண்டே போகும். பெற்றோலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. நிலாவெளி: கடந்து போகும் வழியில்

சாம்பல்தீவுப் பாலத்தில் களப்பு இரண்டு பக்கமும் விரியும், இறால் வலை வீசுகிறவர்களைக் காணலாம். கிழக்கே கடலோரம் சல்லி முத்துமாரியம்மன் கோயில்.

நிலாவெளிக் கடற்கரையைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கரையிலிருந்து ஏறத்தாழ 1 கி.மீ. தூரத்தில் தெரியும் புறாமலைத் தீவு, 2003இலிருந்து கடல்சார் தேசிய பூங்கா. அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள், இன்று இறங்கினால் திரியாய் போய்ச் சேரமாட்டீர்கள்.

ஆனால் நிலாவெளிக்கும் ஒரு கல் உண்டு. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இந்த ஊரில் கிடைத்தது. கோணபர்வதம், திருக்கோணமலை, மச்சகேசுவரம் என்ற பெயர்களைச் சொல்லி, கோணேசர் கோயிலுக்கு 250 வேலி (வேலி என்பது பழைய நில அளவு) நிலம் கொடுக்கப்பட்டதை அது குறிக்கிறது. நீங்கள் விடியக் கும்பிட்ட மலைக்கு இங்கேயிருந்து நெல் போயிருக்கிறது. நிலங்களின் பெயர்களில் 'கிரிகண்ட' என்றும் ஒன்று வருகிறது. இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டு மணி நேரத்தில் தேவைப்படும்.

இறக்கக்கண்டிப் பாலத்தைக் கடக்கும்போது மீன்பிடி வள்ளங்கள் வரிசையாகக் கட்டியிருக்கும். 2004 ஆழிப்பேரலை இந்தக் கரை முழுவதையும் அடித்துக்கொண்டு போனது. இன்று நீங்கள் பார்க்கும் வீடுகளில் பல அதற்குப் பிறகு எழும்பியவை.

7. குச்சவெளி: கடலோரப் பாறை

கும்புறுப்பிட்டியைத் தாண்டிப் போனால் குச்சவெளி. முஸ்லிம்களும் தமிழர்களும் வாழும் ஊர். கடலுக்குள் நீட்டி நிற்கும் பாறைமுனைக்கு வழி கேட்டால் யாரும் காட்டுவார்கள். இங்கே கோபுரமோ டிக்கெட்டோ கிடையாது, காற்றும் பாறையும்தான்.

பாறையின் முகத்தில் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று வெட்டியிருக்கிறது. பக்கத்திலேயே கட்டம் கட்டமாகச் சின்னஞ்சிறு தாதுகோபங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். தான் செய்த புண்ணியத்தின் பலனால் உலகத்துத் துன்பம் தீர்க்கும் புத்த நிலை கிட்ட வேண்டும் என்று வேண்டிய, பௌத்தத்தின் மகாயானப் பிரிவைச் சேர்ந்த ஒருவரின் எழுத்து. தன் பெயருக்கோ அரசனின் புகழுக்கோ அதில் இடம் தேடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. மூன்று மணி வெயில் சரியத் தொடங்கும்போது வந்தால் டோர்ச் இல்லாமலே வரிகள் தெரியும். பாறை வழுக்கும், பாசி பிடித்த பக்கம் கால் வைக்காதீர்கள்.

8. திரியாய்: கந்தசாமி மலை

குச்சவெளியிலிருந்து வடக்கே போகப் போக வீடுகள் குறைந்து பற்றைக்காடும் களப்பும் வயலுமாக மாறும். திரியாய்ச் சந்தியில் மேற்கே திரும்புங்கள். திரியாய் பழைய தமிழ் விவசாயக் கிராமம். போரில் ஊர் முழுக்க இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்து, மெல்ல மெல்லத் திரும்பிக் குடியேறியது. இடிந்த சுவர்களை வழியில் காண்பீர்கள். கடை ஒன்றில் நின்று ஒரு தேத்தண்ணி குடியுங்கள். பேசக் கிடைக்கும் ஐயாமாரிடம் வயலும் குளமும் பற்றிக் கேட்டால் நேரம் போவதே தெரியாது.

மலை அடிவாரத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டுப் படியேறுங்கள். சைவச் சனத்துக்கு இது கந்தசாமி மலை. பௌத்தர்களுக்குக் கிரிஹண்டு சேய. புத்தர் ஞானம் பெற்ற உடனே அவருக்கு முதல் உணவு கொடுத்த வணிகர் இருவர், தபுஸ்ஸ, பல்லிக என்பவர்கள், அவர் தந்த கேசத்தைக் கொண்டுவந்து வைத்த இடம் என்பது அவர்கள் மரபு. இப்போது வழிபாடு நடக்கும் விகாரை இது. செருப்பும் தொப்பியும் கழற்ற வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிக்கொண்டு படம் எடுப்பது அவர்களுக்குப் பெரிய அவமதிப்பு, அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

உச்சியில் வட்டதாகே. நடுவில் தாதுகோபம், சுற்றிலும் வட்டம் வட்டமாகக் கல் தூண்கள். ஒருகாலத்தில் இந்தத் தூண்கள் மேலே ஒரு கூரையைத் தாங்கின. பின்னேர வெயிலில் தூண்களின் நிழல் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.

பிறகு மலையில் உள்ள பாறைக் கல்வெட்டுக்குப் போங்கள், காவலாளியிடம் கேட்டால் காட்டுவார். மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ கிரந்தம், காலம் 7, 8ஆம் நூற்றாண்டு. வணிகர்கள் இந்தத் தாதுகோபத்தை எழுப்பியதையும், மகாயானத்தார் கருணையின் வடிவாகப் போற்றும் அவலோகிதேசுவரரின் பெருமையையும் பாடுகிறது. அதில் இந்த இடத்தின் பெயர் கிரிகண்டி. நிலாவெளிக் கல்லில் கோணேசருக்கு எழுதிக்கொடுத்த நிலப் பெயர்களில் வந்த 'கிரிகண்ட' நினைவிருக்கிறதா? புத்தர் கோயில் கல்லில் ஒன்றும் சிவன் கோயில் கல்லில் ஒன்றுமாக ஒரே சொல்லின் சாயல். எழுத்தையும் பாருங்கள். காஞ்சிப் பக்கத்துப் பல்லவ எழுத்து இந்தக் காட்டு மலைக்குக் கப்பலில் வந்திருக்கிறது. வணிகர் பெயர் சொல்லும் கல் வணிகர் வழியில் வந்த எழுத்தில் இருப்பது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது.

கல்லை விட்டு நிமிர்ந்தால் கிழக்கே கடல், நடுவில் களப்பு, காலடியில் வயல், மேற்கே முடியாத காடு. விடியக் கோணேசரிடம் நின்று பார்த்த அதே கடல்தான். அங்கே அது இரைந்தது. இங்கே சத்தமில்லாத ஒரு நீலக் கோடு.

9. திரும்பும் வழி

ஐந்தரைக்கு மலையை விட்டு இறங்கிவிடுங்கள். திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் அந்திக்குப் பிறகு யானை வீதிக்கு வரும். கண்டால் ஹோர்ன் அடிக்காதீர்கள், லைட்டை அடித்து அடித்துக் காட்டாதீர்கள். தூரத்தில் நிறுத்தி, அது கடந்துபோகும் வரை பொறுத்திருங்கள்.

மறுநாளும் நேரம் இருக்கிறவர்கள் புல்மோட்டை வரை போய் அரிசிமலையைப் பார்க்கலாம். அரிசிமணி போன்ற மணல் பரந்த கடற்கரை, மேலே பாறைக்குன்று. புல்மோட்டையில் கரையே கறுத்துக் கிடக்கும், இல்மனைற்று என்ற கனிம மணல். அந்த மணலை அள்ளி எடுத்துப் போகாதீர்கள்.

நகரத்துக்குத் திரும்புகிறவர்கள் இருட்டுமுன் இறக்கக்கண்டிப் பாலத்தைப் பிடித்துவிட்டால் பயமில்லை. அங்கேயிருந்து வெளிச்சமும் கடைகளும் தொடங்கிவிடும். நிலாவெளிப் பக்கம் கொத்து ரொட்டி போடும் சத்தம் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள், பசி அப்போது நன்றாகவே எடுத்திருக்கும்.